பழைய ஃபோர்டு 8என் டிராக்டர் சூடானதும் நின்றுவிடுகிறது. காயில் போய்விட்டதா?

கேட்டிருப்பது இதுதான்: 1949 மாடல் ஃபோர்டு 8என், பெட்ரோல் இன்ஜின், இன்னும் 6 வோல்ட் பேட்டரியோடு இருக்கிறது. காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. அரை மணி நேரம் ஓடி, திணறி நிற்கிறது. ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. காயிலை (ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் பாகம்) மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். இதே 8என், இதே கோளாறு எனக்கும் வந்தது. "சூடானால் நிற்கிறதா, காயில்தான்" என்று எல்லோரும் சொன்னதைக் கேட்டு இரண்டு காயில் வாங்கினேன். இரண்டுமே இன்று அலமாரியில் சும்மா கிடக்கின்றன.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரே நேரம்தான் உண்டு: வண்டி நின்ற அந்த நிமிடம். ஆறிய பிறகு எதைச் சோதித்தாலும் நன்றாகத்தான் இருக்கும். அதனால் மல்டிமீட்டர், ஒரு பழைய பிளக், ஸ்பேனர் எல்லாவற்றையும் வண்டியிலேயே வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

நின்றவுடன் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டேங்கில் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்காமல் வண்டி நின்றிருக்கிறது. ஆறவிடும் நேரத்தில் காற்று மெல்ல உள்ளே போய்விடும், உடனே ஓடும். பார்ப்பவருக்கு இது அச்சு அசல் காயில் கோளாறுபோலவே தெரியும்.

அது இல்லையென்றால் ஸ்பார்க். நியூட்ரலில் வைத்து, ஒரு பிளக் வயரைக் கழற்றிப் பழைய பிளக்கில் மாட்டி, அதை இன்ஜின் இரும்பில் படும்படி வைத்து செல்ஃப் அடியுங்கள். பக்கத்தில் பெட்ரோல் ஈரம் இருக்கக் கூடாது. நீலமாகச் சடசடவென்று அடித்தால் இக்னிஷனை விட்டுவிட்டு கார்புரேட்டர் பக்கம் போங்கள். மஞ்சளாக, நூல்போல வந்தாலோ, வரவே இல்லையென்றாலோ தொடர்ந்து படியுங்கள்.

1949 என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரம் அனுப்பும் பாகம்) இன்ஜின் முன்பக்கம், ஃபேனுக்குப் பின்னால் இருக்கும். அதன் தலையில் சதுரமான காயில் உட்கார்ந்திருக்கும். (1950-இல்தான் பக்கவாட்டு டிஸ்ட்ரிபியூட்டர் வந்தது.) பேட்டரியின் பாசிட்டிவ் முனை இன்ஜின் இரும்போடு இணைந்த பாசிட்டிவ் எர்த் வண்டி என்பதால் மீட்டரின் சிவப்பு முனையை இன்ஜினிலும், கறுப்பு முனையை காயில் மேலுள்ள திருகிலும் வையுங்கள். சாவியைப் போட்டு, செல்ஃபை ஒவ்வொரு தட்டாகத் தட்டி, இன்ஜின் நிற்கும் இடத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள்.

பாயிண்ட் என்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி, காயிலில் ஓடும் மின்சாரத்தை விட்டு விட்டு நிறுத்தும் சுவிட்ச். அது திறந்திருக்கும் இடத்தில் பேட்டரி வோல்ட் முழுதாகக் காட்டும். மூடியிருக்கும் இடத்தில் மின்சாரம் ஓடுவதால் நன்றாகவே இறங்கும், ஆனால் பூஜ்யத்துக்கு வராது. இப்படி ஏறி இறங்கினால் பாயிண்ட் வரை வழி சரி. அப்படியும் ஸ்பார்க் இல்லையென்றால்தான் காயில் மேலோ, கண்டன்சர் (பாயிண்ட் தீய்ந்துபோகாமல் காக்கும் சிறு மின்தேக்கி) மேலோ சந்தேகப்படலாம். எங்கே நிறுத்தினாலும் 6 வோல்ட்டாகவே நின்றால் பாயிண்ட் மூடினாலும் தொடர்பு கிடைக்கவில்லை. பாயிண்ட் முகத்தில் துரு அல்லது எண்ணெய்ப் படலம் இருக்கும். எங்கே நிறுத்தினாலும் குறைவாகவே நின்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எங்கோ எர்த் ஆகிறது. காயிலிலிருந்து உள்ளே மின்சாரம் கொண்டுபோகும் தகட்டைச் சுற்றிய இன்சுலேட்டர் விரிந்திருக்கும், அல்லது கண்டன்சர் ஷார்ட் ஆகியிருக்கும். பாயிண்ட் இடைவெளியே இல்லாமல் போயிருந்தாலும் இதே அளவுதான் காட்டும்.

நான் ஏமாந்தது இங்கேதான். பாயிண்ட் திறந்திருந்த நேரத்தில் ஒரே ஒரு முறை அளந்து, 6 வோல்ட் இருக்கிறதே என்று திருப்திப்பட்டுவிட்டேன். மின்சாரம் ஓடாதபோது மோசமான இணைப்பு வழியாகக்கூட முழு வோல்ட் காட்டும். பாயிண்ட் மூடிய இடத்தில் அளந்தபோது ஏறக்குறைய பூஜ்யம். அங்கிருந்து வயரைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனால், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ரெசிஸ்டரின் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும் பாகம்) நட்டு துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. ஓட ஓடச் சூடேறி விட்டுப்போயிருக்கிறது. சுரண்டி, இறுக்கினேன். அவ்வளவுதான்.

சோதிக்கும்போது சாவியைப் போட்டபடி விட்டுவிட்டுப் போகாதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றால் நல்ல காயிலும் வெந்துவிடும். யாராவது முன்பு 12 வோல்ட்டுக்கு மாற்றிய வண்டியாக இருந்தால், பழைய ரெசிஸ்டரோடு இன்னொன்றும் சேர்த்தார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் போடும் புது 6 வோல்ட் காயிலும் நிலைக்காது.

பாயிண்டைத் தொட வேண்டி வந்தால், இரண்டு போல்ட்டைக் கழற்றி டிஸ்ட்ரிபியூட்டரை மேஜைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ரேடியேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே குனிந்து செய்வது வீண் வேதனை. உங்கள் மாடலுக்கு இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. பக்கவாட்டு டிஸ்ட்ரிபியூட்டருக்கான 0.025-ஐ இதற்கு வைத்துவிட்டு அல்லாடியவர்கள் உண்டு. திரும்ப மாட்டும்போது அடியில் உள்ள நாக்கு நடுவில் இல்லாமல் ஒருபக்கம் தள்ளியிருக்கும், ஒரே விதமாகத்தான் பொருந்தும். பொருந்தாமல் போல்ட்டை இறுக்கினால் டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட் மாட்டும் காது உடைந்துவிடும்.

அடுத்த முறை நின்றதும், பாயிண்ட் திறந்தபோது எவ்வளவு, மூடியபோது எவ்வளவு என்று அந்த இரண்டு எண்களையும் கருத்துப் பகுதியில் போடுங்கள். மேற்கொண்டு எங்கே தேடுவது என்று சொல்கிறேன்.