கிணத்துத் தண்ணியில் 5 அடிச் செடித் தொட்டிக்கு எந்த மீன்?

தம்பி, யாழ்ப்பாணம் கோண்டாவில் கிணத்துத் தண்ணி, 5×2×2 அடித் தொட்டி, அதுக்குள்ள வலிஸ்னேரியா, அமேசன் சோர்ட் செடியள். விட்ட 20 நியோன் டெட்ராவும் ஒரு கிழமைக்குள்ள செத்திட்டுது, இனி ஏஞ்சல், டைகர் பார்ப், கோல்ட் ஃபிஷ் விடலாமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள்.

நியோன் மென்தண்ணி (சுண்ணாம்பு குறைஞ்ச தண்ணி) மீன், எங்கட வெக்கையும் அதுக்கு ஒத்துவராது. உங்கட கேத்திலின்ர அடியைப் பாருங்கோ, வெள்ளைப் படை பிடிச்சிருக்கும். அது நிலத்தடிச் சுண்ணாம்புக்கல்லின்ர வேலை. அமிலம் ஊத்தி பிஎச்சை (தண்ணியின்ர அமில-கார அளவை)க் குறைக்க வெளிக்கிடாதேங்கோ. தண்ணியில இருக்கிற கார்பனேட் அதைத் திரும்ப மேல இழுக்கும், அந்த ஏற்ற இறக்கம்தான் மீனைக் கொல்லும். தண்ணிக்கேற்ற மீனை எடுங்கோ.

கேட்ட மூண்டும் ஒண்டாச் சரிவராது: டைகர் பார்ப் ஏஞ்சலின்ர நீளச் செட்டையைக் கடிச்சுக் கிழிக்கும், கோல்ட் ஃபிஷ் செடியைத் தின்னும், வேரையும் கிளறும்.

நான் சொல்லுறது பொசெமானி ரெயின்போ மீன் 8. சுமார் 10 செ.மீ வளரும், கூட்டமா நீந்த 5 அடி நீளம் வேணும், வளர்ந்த ஆணின்ர முன்பாதி நீலமும் பின்பாதி செம்மஞ்சளுமாப் பச்சைச் செடிக்கு நடுவில அவ்வளவு வடிவு! அதோட பிளாட்டி 9, ஒரு ஆணுக்கு இரண்டு பெண். பாசி தின்ன பிரிசில்நோஸ் எண்ட சின்னப் பிளெக்கோ மீன் ஒண்டு போதும். சாதாரண பிளெக்கோ ஒரு அடிக்கு மேல வளர்ந்து சோர்ட் இலையைச் சுரண்டிப் போடும்.

தொட்டி வைச்சு எத்தினை நாள் எண்டு எழுதேல்லை. மீன் கழிவில இருந்து வாற நஞ்சான அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாகும் வரைக்கும் ஒண்டும் விடாதேங்கோ. பிறகு முதல்ல பிளாட்டி, மூண்டு கிழமை கழிச்சு ரெயின்போ.