ஃபுட்டி கேள்வி பதில்: கிளப் மெர்ஜர், டாஸ்மேனியா, 2026 சீசன்

எல்லாருக்கும் வணக்கம். மார்ச் 5-ந்தேதி சிட்னி, கார்ல்டன் மேட்ச்சோட ஏஎஃப்எல் (ஆஸ்திரேலியன் ஃபுட்பால் லீக், நம்ம ஃபுட்டி) சீசன் ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி கேள்வி கேளுங்கன்னு சொன்னேன், வந்ததுல முக்கால்வாசி மெர்ஜர் பத்தித்தான். காரணம் புரியுது. 2028-ல டாஸ்மேனியா டெவில்ஸ் 19-ஆவது டீமா வருது, 19-ங்கறது ஒத்தைப்படை, வாரா வாரம் ஏதாவது ஒரு டீம் சும்மா உக்காந்திருக்கணும், அதனால ஒண்ணு இன்னொரு டீம் சேக்கணும் இல்லன்னா மெல்பர்ன்ல ரெண்டு டீமை ஒண்ணாக்கணும்னு பேச்சு கிளம்பிடுச்சு. நான் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் மெம்பர், அதை மனசுல வச்சுக்கிட்டே படிங்க. பெட்டிங் டிப்ஸ் மட்டும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

வெரிபீ வாசு: அண்ணே, மெல்பர்ன்ல மட்டும் 9 டீம், ஜீலாங்கையும் சேத்தா விக்டோரியாவுக்கு 10. இது அதிகம் இல்லையா? ரெண்டு மூணு கிளப்பை இணைச்சா என்ன தப்பு?

வாசு, கணக்குப்படி அதிகம்தான், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனா இந்தக் கணக்கை 1980-கள்லேர்ந்து போட்டுட்டுத்தான் இருக்காங்க. நம்ம வெரிபீ பக்கத்து கதையையே எடுத்துக்கோங்க. 1989 அக்டோபர்ல ஃபுட்ஸ்க்ரேயையும் (இன்னைக்கு வெஸ்டர்ன் புல்டாக்ஸ்) ஃபிட்ஸ்ராயையும் சேத்து 'ஃபிட்ஸ்ராய் புல்டாக்ஸ்'னு ஒரு கிளப் ஆரம்பிக்கப் போறோம்னு அறிவிச்சாங்க. ஃபுட்ஸ்க்ரே ஆளுங்ககிட்ட கேக்கவே இல்ல. ஐரீன் சாட்ஃபீல்டுன்னு ஒரு மெம்பர் பேர்ல விக்டோரியா சுப்ரீம் கோர்ட்ல வழக்குப் போட்டாங்க, பீட்டர் கார்டன்ங்கற வக்கீல் முன்னாடி நின்னாரு, கோர்ட் அவகாசம் கொடுத்துச்சு, அந்த அவகாசத்துல ஜனங்க தகர டப்பாவைக் குலுக்கிக்கிட்டு வீடு வீடா ஷாப்பிங் சென்டர் ஷாப்பிங் சென்டரா போய் பத்து லட்சம் டாலருக்கு மேல வசூல் பண்ணிட்டாங்க. மெர்ஜர் கைவிடப்பட்டது. அந்த கிளப்தான் 2016-ல ஏழாவது இடத்துலேர்ந்து கிளம்பி ஃபைனல்ல சிட்னியை 22 பாயிண்ட்ல ஜெயிச்சு, 1954-க்கு அப்புறம் முதல் கோப்பையைத் தூக்குச்சு. 89-ல இணைச்சிருந்தா அந்த நாளே கிடையாது.

இதுல ஒண்ணு கவனிங்க, இன்னைக்கு பூரா இதையேதான் சொல்லப் போறேன்: லேடரை (பாயிண்ட் பட்டியலை) பாக்காதீங்க, கடனைப் பாருங்க. கடைசி இடத்துல இருக்கற கிளப் சாகறதில்ல. கடன் கொடுத்தவன் கையில சிக்கின கிளப்தான் சாகுது.

நார்த் பக்தன்: நார்த் மெல்பர்னை மூடப் போறாங்களா? ஆபீஸ்ல எல்லாரும் கிண்டல் பண்றாங்க.

இல்ல. 2016-க்கு அப்புறம் ஃபைனல்ஸ் (லேடர்ல மேல இருக்கற டீமுங்க கோப்பைக்கு ஆடற கடைசிக் கட்டம்) பாக்கல, அது வேற விஷயம். 2007 டிசம்பர்ல கோல்டு கோஸ்ட்டுக்குப் போயிடுங்கன்னு லீக் பெரிய பணத்தைக் காட்டி கூப்பிட்டப்பவே உங்க கிளப் முடியாதுன்னு சொல்லிட்டு சொந்த இடமான ஆர்டன் ஸ்ட்ரீட்லயே உக்காந்துச்சு. லேடரைப் பாக்காதீங்க.

ரிச்மண்ட்ல குடியிருக்கேன்: மெர்ஜர்ல மெம்பர்ஸ் ஓட்டுப் போட்டே ஆகணுமா?

1996 செப்டம்பர் 16 பாருங்க. மெல்பர்ன், ஹாத்தார்ன் ரெண்டு கிளப்பும் ஒரே ராத்திரி தனித்தனி ஹால்ல கூடினாங்க, 'மெல்பர்ன் ஹாக்ஸ்' வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ண. ஹாத்தார்ன் கூட்டம் கேம்பர்வெல்ல. பழைய கேப்டன் டான் ஸ்காட் புது கிளப்புக்கான ஜெர்சியைக் கையில தூக்கிப் பிடிச்சார். அது மேல வெல்க்ரோ வச்சு ஒட்டியிருந்த பருந்தை (ஹாத்தார்னோட சின்னம்) பர்ருனு பிச்சு எடுத்தார், மஞ்சள் பட்டையையும் பிச்சார். அடியில மிச்சம் இருந்தது அப்படியே பழைய மெல்பர்ன் ஜெர்சி. ஹால் கொந்தளிச்சிடுச்சு. மணிக்கணக்கா பேசி விளக்க வேண்டியதை அந்த ஒரு துணி காட்டிடுச்சு, இதுல ஹாத்தார்னுக்கு மிஞ்சப் போறது ஒண்ணுமில்லன்னு. மெல்பர்ன் பக்கம் கொஞ்ச ஓட்டு வித்தியாசத்துல சரின்னு சொன்னாங்க, ஹாத்தார்ன் பக்கம் பெரிய வித்தியாசத்துல வேண்டாம்னுட்டாங்க, அதோட முடிஞ்சுது. அப்புறம் ஹாத்தார்ன் 2008, 2013, 2014, 2015-ல கோப்பை. மெல்பர்ன் 2021-ல, 57 வருஷ காத்திருப்புக்கு அப்புறம். ரெண்டு கிளப்புக்கும் சேத்து அஞ்சு.

ஓட்டே இல்லாம நடந்த மெர்ஜரும் உண்டு. அதைப் பத்தித்தான் அடுத்த கேள்வி.

கப்பா சிங்கம்: சார் நான் பிரிஸ்பேன்ல இருக்கேன். நீங்க எல்லாரும் மெர்ஜர்னா பாவம்ங்கற மாதிரி பேசறீங்க. பிரிஸ்பேன் லயன்ஸ் மெர்ஜர்ல பொறந்த கிளப்தானே? 2001, 2002, 2003, இப்ப 2024, 2025. அஞ்சு கோப்பை. ஃபிட்ஸ்ராய் தனியா இருந்திருந்தா இதுல ஒண்ணாவது கிடைச்சிருக்குமா?

தம்பி, நல்ல கேள்வி, விரிவாவே சொல்றேன்.

ஃபிட்ஸ்ராய் 1897-ல லீக் தொடங்கினப்பவே இருந்த எட்டு கிளப்ல ஒண்ணு. எட்டு கோப்பை ஜெயிச்சது, கடைசி 1944. 60-கள்ல பிரன்ஸ்விக் ஸ்ட்ரீட் மைதானத்தை விட்டு வெளிய வந்ததுலேர்ந்து சொந்த வீடே இல்ல. பிரின்ஸஸ் பார்க், ஜங்ஷன் ஓவல், விக்டோரியா பார்க், மறுபடி பிரின்ஸஸ் பார்க், கடைசில எங்க விட்டன் ஓவல்னு வாடகை வீட்டுக்காரன் மாதிரி மாறிக்கிட்டே இருந்துச்சு. அடுத்தவன் மைதானத்துல ஆடினா கேட் வசூல், கேன்டீன், விளம்பரம் எதுவும் முழுசா கைக்கு வராது, அப்புறம் கடன்தான். நவூரு தீவு நாட்டோட இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன்கிட்ட வாங்கின கடன் சுமார் பன்னண்டரை லட்சம் டாலர். 1996 ஜூன் கடைசில அவங்க பொறுமை இழந்து கிளப் மேல ஒரு அட்மினிஸ்ட்ரேட்டரை உக்கார வச்சாங்க. அந்த நேரத்துல ஃபிட்ஸ்ராய் நிர்வாகம் நார்த் மெல்பர்னோட இணையப் பேசி கிட்டத்தட்ட முடிச்சிருந்துச்சு. ஆனா அந்த வருஷம் நார்த் செம பலமான டீம் (கோப்பையே அவங்கதான் அடிச்சாங்க), அதுகூட ஃபிட்ஸ்ராய் பிளேயர்ஸையும் கொடுத்தா மத்தவன் எல்லாம் எங்க போறதுன்னு மத்த கிளப்புங்க பயந்துட்டாங்க. ஜூலை 4-ந்தேதி ஃபிட்ஸ்ராய் பிரிஸ்பேன் பேர்ஸுக்குப் போச்சு, ரெண்டும் சேந்ததுதான் உங்க லயன்ஸ். மெம்பர்கிட்ட யாரும் ஓட்டு கேக்கல. முடிவு எடுத்தது கடனும், மத்த கிளப்புங்களும்.

இப்ப உங்க அஞ்சு கோப்பைக்கு வரேன். ஃபிட்ஸ்ராய்லேர்ந்து பேர்ஸ் எடுத்துக்கிட்டது எட்டே பிளேயர். அதுல கிறிஸ் ஜான்சன் 2001 முதல் 2003 வரைக்கும் மூணு கோப்பையிலயும் ஆடினார். அப்பா ஃபிட்ஸ்ராய்ல ஆடினதால ஃபாதர்-சன் ரூல்ல (அப்பா ஆடின கிளப்புக்கு மகனை எடுக்க முன்னுரிமை) ஜானதன் பிரவுன் வந்தார், அது பெரிய சொத்துதான், ஒத்துக்கறேன். ஆனா வாஸ், அக்கர்மானிஸ், லாப்பின் எல்லாம் பேர்ஸ் காலத்து ஆளுங்க, லீ மேத்யூஸ் கோச்சா வந்தது 1999-ல. பேர்ஸ் 1996-லயே மூணாவது இடத்துல முடிச்ச டீம். அதாவது மெர்ஜர் இல்லாமலே அவங்க வளர்ந்துட்டுத்தான் இருந்தாங்க. 2024, 2025 ரெண்டு ஃபைனல்லயும் பெஸ்ட் பிளேயருக்கான நார்ம் ஸ்மித் மெடல் வாங்கின வில் ஆஷ்கிராஃப்டோட அப்பா மார்கஸும் பேர்ஸ்ல ஆடினவர்தான்.

ஃபிட்ஸ்ராய்க்கு மிஞ்சினது சிங்கம், பிரெஞ்சு தேசிய கீதம் மெட்டுல வர்ற பாட்டு, ஜெர்சி பின்கழுத்துல சின்னதா பி.பி.எஃப்.எஃப்.சி-ன்னு அஞ்சு எழுத்து. அந்தச் சிங்கத்தையும் 2010-ல மாத்தி ஒரு புது மூஞ்சி போட்டாங்க, ஐஸ்கிரீம் பாக்கெட்ல இருக்கற சிங்கம் மாதிரி இருக்குன்னு ஜனங்க கத்தி, கோர்ட் வரைக்கும் போய், சில வருஷம் கழிச்சுத்தான் பழைய சிங்கம் திரும்பி வந்துச்சு.

நார்த் பக்தன்: அப்ப எங்ககிட்ட வந்திருந்தா 1999 கோப்பை அவங்களுக்கும் கிடைச்சிருக்கும்ல?

அந்தக் கோப்பையை நீங்க தனியாவே ஜெயிச்சீங்க. அதான் என் பதில்.

கப்பா சிங்கம்: அதெல்லாம் சரி சார், ஆனா என் பக்கத்து சீட்ல ஒரு பெரியவர் உக்காருவார், பழைய ஃபிட்ஸ்ராய் ஆள். 2001-ல அழுதேன்னு சொல்வார். அவருக்கு மெர்ஜர் தப்பா தெரியலையே?

அவர் அழுதது நிஜம், அதை நான் குறைச்சுப் பேசவே மாட்டேன். லயன்ஸ் மெல்பர்ன்ல ஆட வரும்போது பழைய ஃபிட்ஸ்ராய் குடும்பங்க ஸ்கார்ஃப் போட்டுக்கிட்டு வர்றதை நானே பாக்கறேன். ஆனா கூட வராம நின்னுட்டவங்களையும் எண்ணணும் தம்பி. நார்த்துக்குப் போனவங்க உண்டு, ஃபுட்டி பாக்கறதையே விட்டவங்க உண்டு. 1996-ல ஃபிட்ஸ்ராய் மெல்பர்ன்ல ஆடின கடைசி மேட்ச், எம்சிஜில ரிச்மண்டோட, 151 பாயிண்ட்ல தோத்தாங்க, அடுத்த வாரம் பெர்த்ல ஃப்ரீமேன்டில்கிட்ட தோத்து கணக்கை முடிச்சாங்க. அதுக்கு அப்புறம் வீட்டுல ரேடியோவே போடாதவங்க கோப்பைக் கணக்குல வர மாட்டாங்க.

இன்னொண்ணு. ஃபிட்ஸ்ராய் கிளப் சட்டப்படி சாகவே இல்ல. கடனை அடைச்சு வெளிய வந்து, இன்னைக்கு அமெச்சூர் லீக்ல பிரன்ஸ்விக் ஸ்ட்ரீட் மைதானத்துலயே ஆடுது. சனிக்கிழமை போய் அந்தப் பழைய மர கிராண்ட்ஸ்டாண்ட் பக்கம் நின்னு பாருங்க.

பேர் வேண்டாம்: செயின்ட் கில்டா மெர்ஜர் ஆகுமா?

மேலே படிங்க. கடனைப் பாருங்க. லீக் பங்குப் பணத்தை அதிகமா நம்பி இருக்கற கிளப்தான், ஆனா 2031 வரைக்கும் 4.5 பில்லியன் டாலர் டிவி காண்ட்ராக்ட் கையில இருக்கறப்ப லீக் எந்த கிளப்பையும் மூட விடாது, வாரத்துக்கு ஒம்போது மேட்ச் காட்டியே ஆகணும்.

யாழ் தம்பி: அண்ணை, டாஸ்மேனியா ஸ்டேடியம் கட்டுவினமோ, இல்லாட்டி இதுவும் கதையா? மெம்பர்ஷிப் எடுத்து வச்சிருக்கிறன்.

கட்டுவாங்க தம்பி. ஹோபர்ட்ல மக்குவாரி பாயிண்ட்ல கூரை போட்ட 23,000 சீட் ஸ்டேடியம், டீம் லைசென்ஸுக்கே அதுதான் நிபந்தனை, அதனாலதான் அங்க அரசியல்ல இவ்வளவு சண்டை. போன டிசம்பர்ல பார்லிமென்ட்ல அனுமதி கிடைச்சிடுச்சு. செலவு பத்தி அந்த ஊர் ஜனங்க கோவப்படறதுல நியாயம் இருக்கு, ஆஸ்பத்திரி, வீட்டு வாடகைன்னு அவங்களுக்கு ஆயிரம் கவலை. ஆனா நூறு வருஷத்துக்கு மேல பிளேயரை மட்டும் அனுப்பிட்டு சொந்த டீம் இல்லாம இருந்த தீவு அது. 10 டாலர் மெம்பர்ஷிப்பை ரெண்டு லட்சம் பேருக்கு மேல வாங்கினாங்க. பத்திரமா வச்சுக்கோங்க.

கணக்கு வாத்தியார்: 20-ஆவது டீம் எங்க?

வெஸ்டர்ன் ஆஸ்திரேலியாவுல மூணாவது டீம், நார்தர்ன் டெரிட்டரி, கேன்பரா, மூணும் பேச்சுல இருக்கு. பணக்கணக்குக்கு பெர்த், நியாயத்துக்கு டார்வின். எனக்கு டார்வின் வேணும்.

ஜீலாங் பூனை: வைல்டுகார்டு எப்படி வேலை செய்யும்? குழப்பமா இருக்கு.

லீக் மேட்ச் எல்லாம் முடிஞ்சதும் லேடர்ல முதல் ஆறு டீம் ஒரு வாரம் ரெஸ்ட். ஏழாவது பத்தாவதோட, எட்டாவது ஒம்போதாவதோட ஆடும். ஜெயிச்ச ரெண்டும் ஃபைனல்ஸ் எட்டுக்குள்ள வரும், அப்புறம் பழைய முறைதான். 18-ல 10 டீமுக்கு ஃபைனல்ஸ் வாசல் திறக்கறது எனக்குப் பிடிக்கல. 23 மேட்ச் ஆடி ஏழாவது வந்தவன் ஒரே ராத்திரில பத்தாவதுகிட்ட தோத்து வீட்டுக்குப் போறது சரியில்ல. ஏற்கனவே எல்லாரும் எல்லாரோடயும் ஒரே எண்ணிக்கைல ஆடறதில்ல, 17 எதிரி, 23 மேட்ச், யாரோட ரெண்டு தடவை ஆடறோம்ங்கறதுலயே பாதி அதிர்ஷ்டம்.

கப்பா சிங்கம்: தொடர்ந்து மூணாவது கோப்பை எங்களுக்குத்தானே?

நல்ல வாய்ப்பு இருக்கு. போன வருஷம் ஜீலாங்கை 47 பாயிண்ட்ல அடிச்ச டீம், முக்கால்வாசி இளசுங்க. ஆனா சிட்னியைக் கவனிங்க, சார்லி கர்னோ கார்ல்டன்லேர்ந்து அங்க போயிட்டார், முதல் மேட்ச்சே பழைய கிளப்போட. கோல்டு கோஸ்ட்டுக்கு பெட்ராக்கா வந்திருக்கார், போன வருஷம்தான் முதல் தடவையா ஃபைனல்ஸ் பாத்த டீம் அது. அடிலெய்டு லேடர்ல முதல் இடம் பிடிச்சு ஃபைனல்ஸ்ல ரெண்டு மேட்ச்சும் தோத்தது, அந்த வலியோட வர்ற டீமை லேசா எடை போடாதீங்க.

மல்டி கிங்: அப்ப முதல் வாரம் யார் மேல போடலாம் ப்ரோ?

ஆரம்பத்துலயே சொன்னேன். கேக்காதீங்க. நம்ம பசங்க சம்பளத்தை இந்த ஆப்ல விடறதை நிறைய பாத்துட்டேன், போன்லேர்ந்து அதை எடுத்துடுங்க.

இன்னொரு நார்த் ஆள்: நார்த்தும் செயின்ட் கில்டாவும் சேரும்னு வாட்ஸாப்ல வந்துச்சு, உண்மையா?

இல்ல. இதே கேள்வி இன்னும் நிறைய வந்திருக்கு, எல்லாத்துக்கும் இதே பதில்தான்.

நிலா: சார், பென்டில்பரி ரெக்கார்டு?

அதிக மேட்ச் ஆடின ரெக்கார்டு நார்த்தோட பிரென்ட் ஹார்விகிட்ட, 432 மேட்ச். காலிங்வுட்டோட பென்டில்பரி காயம் இல்லாம இருந்தா இந்த சீசன்லயே தாண்டிடுவார். காலிங்வுட் எனக்குப் பிடிக்காது, ஆனா அந்த மேட்ச்சுக்கு டிக்கெட் எடுப்பேன்.

மதுரைக்காரி: அப்பா ஏப்ரல்ல வர்றார், ஃபுட்டி பாத்ததே இல்ல. எந்த மேட்ச்சுக்குக் கூட்டிட்டுப் போகலாம்?

எம்சிஜில சனிக்கிழமை மதிய மேட்ச் எடுங்கம்மா, ராத்திரி மேட்ச் குளிர் அவருக்கு ஆகாது. கீழ் சீட் வேண்டாம், ரெண்டாவது தளத்துல மைதானத்தோட நடுப்பக்கம் உக்காந்தா 36 பேரும் எப்படி நகர்றாங்கன்னு முழுசாத் தெரியும். நடு ரெண்டு கம்பத்துக்கு நடுவுல காலால அடிச்சா ஆறு பாயிண்ட், நடுக் கம்பத்துக்கும் ஓரக் கம்பத்துக்கும் நடுவுல போனா ஒரு பாயிண்ட், இதை மட்டும் சொல்லிட்டு உக்கார வைங்க. முதல் குவார்ட்டர்ல வேற விளக்கம் வேண்டாம், அவரே கேக்க ஆரம்பிப்பார்.