எட்டுக் குடும்பங்களுக்கு நடுவே பேசலாமா?

கேள்வி: மாமியார் ஊரிலிருந்து எங்களோடு வந்து தங்கிய பிறகு, ஆறு மாதமாக எனக்கும் கணவருக்கும் சரியான பேச்சு இல்லை. ஏற்காட்டில் இரண்டு நாள் குடும்பச் சிகிச்சைப் பயிலரங்கு நடக்கிறதாம். எட்டுக் குடும்பங்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுவார்களாம். நாத்தனார் போகச் சொல்கிறார். வீட்டு விஷயத்தை நாலு பேர் முன்னால் பேசினால் உறவு சரியாகிவிடுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கூச்சம் நியாயமானதுதான். இருபது வருடம் இப்படிப்பட்ட கூட்டங்களை நடத்தியவள் நான். முதல் நாள் காலையில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தட்டில் இருக்கும் வடையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு பயிற்சி உண்டு. ஒருவர் பேச வேண்டும். மற்றவர் பதில் சொல்லாமல், கேட்டதை மட்டும் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருமுறை ஒரு மனைவி, "வேலையிலிருந்து வந்ததும் அத்தையிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிறீர்கள், என்னிடம் கேட்பதில்லை" என்றார். கணவர் திருப்பிச் சொன்னது: "அம்மாவைக் கவனிக்கக் கூடாது என்கிறாள்." மூன்று முறை சொல்லவைத்தேன். மூன்று முறையும் அதேதான். எதிரே இருந்த வேறொரு குடும்பத்துப் பெரியவர் பொறுக்கமாட்டாமல், "தம்பி, அந்தப் பிள்ளை தன்னையும் சாப்பிட்டாயா என்று கேட்கச் சொல்கிறது. அவ்வளவுதானே?" என்றார். அந்தக் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அதையே நான் சொல்லியிருந்தால், பெண்ணுக்குப் பெண் பரிந்து பேசுகிறாள் என்று முகத்தைத் திருப்பியிருப்பார். கூட்டாக உட்காருவதில் உள்ள லாபம் இதுதான்.

மூன்று மாதம் கழித்து அந்த மனைவி வந்தார். "அம்மா, அவர் இரண்டு வாரம் கேட்டார், பிறகு மறந்துவிட்டார்" என்றார்.

அமெரிக்க அரசு, குழந்தை பிறந்த அல்லது பிறக்கவிருந்த, மணமாகாத இணையருக்குக் குழு வகுப்புகள் நடத்தி, 8 இடங்களில் 5,000-க்கும் மேற்பட்ட இணையரை வைத்து ஆராய்ந்தது. 3 வருடம் கழித்துப் பார்த்தால், வகுப்புக்கு அழைக்கப்பட்டவர்களின் உறவு மற்றவர்களுடையதைவிடச் சிறப்பாக இல்லை. மணமானவர்களுக்கு நடத்திய இன்னொரு திட்டத்தில் பலன் தெரிந்தது, கொஞ்சமாக. கூட்டாக உட்காரும் இந்த வழி நன்றாகக் கைகொடுப்பது தீவிர மனநோய் உள்ள வீடுகளுக்கு. பல குடும்பங்களை மாதக்கணக்கில் சேர்த்து உட்காரவைத்தால் நோய் திரும்புவது குறைகிறது. 1950-களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். அங்கே இரண்டு நாள் கணக்கெல்லாம் கிடையாது.

அதனால் பணம் கட்டுமுன் விசாரியுங்கள். நடத்துபவர் உளவியலோ மனநல சமூகப் பணியோ முறையாகப் படித்தவரா? ஏற்காட்டிலிருந்து இறங்கிய பிறகு மறுபடி கூப்பிட்டுப் பேசுவார்களா? "பிறகு ஒன்றும் இல்லை" என்றால் அதை ஒரு சுற்றுலாவாக நினைத்துப் போய்வாருங்கள், அதிலும் தவறில்லை. ஆனால் கணவர் கைநீட்டுகிறவராக இருந்தால் போகவே வேண்டாம். அங்கே சொன்னதற்கு வீட்டில் அடி விழும். பெண்களுக்கான உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

மாமியாரும் வருகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. வரவில்லையென்றால், அந்த இரண்டு நாளும் தன் அம்மாவைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வாரா என்று நாத்தனாரைக் கேட்டுப் பாருங்கள்.