கார்டன் பார்க்ஸும் கறுப்பு விளிம்பும்

கேள்வி: ஃபேஷன் புகைப்படம், கவிதை, சினிமா மூன்றிலும் பெயரெடுத்த அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் கார்டன் பார்க்ஸ், முதல் ஃபேஷன் வேலையிலேயே தவறு செய்தாராமே?

பதில்: உண்மைதான். செயின்ட் பால் நகரத்து ஆடையகம் ஒன்றுக்காக எடுத்த படங்களில் ஒன்றைத் தவிர மற்றவை இரட்டைப் பதிவாகிவிட்டன, அதாவது ஒரே ஃபிலிமில் ஒரு படத்தின் மேல் இன்னொரு படம். அக்காலப் பெரிய கேமராவில் ஒரு ஹோல்டருக்கு (ஃபிலிம் வைக்கும் சட்டம்) இரண்டு ஃபிலிம் தாள், பக்கத்துக்கு ஒன்று. படம் எடுத்ததும், ஃபிலிமில் வெளிச்சம் படாமல் மறைக்கும் மூடித்தகட்டைத் திருப்பி, கறுப்பு விளிம்பு வெளியே தெரியும்படி செருக வேண்டும். வெள்ளை விளிம்பு தெரிந்தால் அது இன்னும் எடுக்காத தாள் என்று அர்த்தம். திருப்ப மறந்தால் எடுத்த தாளிலேயே மறுபடி எடுத்துவிடுவோம். இரட்டைப் பதிவு பெரும்பாலும் இப்படித்தான் நேரும்.

கெடாமல் தப்பிய அந்த ஒரே படத்தைப் பார்க்ஸ் பெரிதாக்கிக் கடையில் வைத்தார். அதைப் பார்த்த மார்வா லூயிஸ் (குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸின் மனைவி) அவரைச் சிகாகோவுக்கு வரச் சொன்னார். 1948-ல் பார்க்ஸ் 'லைஃப்' என்ற அமெரிக்கப் பட இதழில் சேர்ந்தார். 1968-ல் கவிதையும் படமும் சேர்ந்த நூல் வந்தது. 1969-ல் வெளிவந்த சினிமாவுக்குத் தன் நாவலையே திரைக்கதையாக்கி, இயக்கி, இசையும் அமைத்தார். படப்பிடிப்பு நடந்தது அவர் பிறந்த கான்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் ஸ்காட் ஊரில். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றுக்குத் தாவியவர் அல்ல, எழுதியதையே படமாக்கியவர்.