30 பிட் நிறம்: கேள்விகளும் பதில்களும்

லினக்ஸில் திரையைக் கையாளும் எக்ஸ்.ஆர்க் அமைப்பில் டெப்த்தை (ஒரு பிக்சலின் நிறத்துக்கான பிட் எண்ணிக்கை) 24-லிருந்து 30 ஆக்கினேன். ஒரு பழைய நிரலில் மட்டும் வெள்ளை நிறம் பச்சையும் நீலமும் கலந்தாற்போல் தெரிகிறது. மானிட்டரில் கோளாறா?

மானிட்டர் மேல் தப்பில்லை, தப்பு நிரலில்தான். டெப்த் 24-இல் நீலம் 0 முதல் 7 வரையுள்ள பிட்களிலும், பச்சை 8 முதல் 15 வரையிலும், சிவப்பு 16 முதல் 23 வரையிலும் இருக்கும். டெப்த் 30-இல் ஒவ்வொன்றுக்கும் 10 பிட்: பொதுவாக நீலம் 0–9, பச்சை 10–19, சிவப்பு 20–29. உங்கள் நிரல் இன்னமும் பழைய இடத்திலேயே எழுதுகிறது. வெள்ளைக்கு அது போடும் 24 பிட்டில் முதல் 20, நீலத்தையும் பச்சையையும் முழுக்க நிரப்பிவிடும். சிவப்புக்கு மிஞ்சுவது 4 பிட், அதாவது 1023-க்கு வெறும் 15. சந்தேகம் இருந்தால் சுத்தச் சிவப்பில் ஒரு கட்டம் வரையச் சொல்லிப் பாருங்கள், பச்சையாக வந்து நிற்கும்.

எந்த நிறம் எந்தப் பிட்டில் என்பதை எக்ஸ் சர்வரே (எக்ஸ்.ஆர்க்கின் மைய நிரல்) விஷுவலோடு, அதாவது திரையின் நிற அமைப்பு விவரத்தோடு, மாஸ்க்காகத் (அந்தந்த நிறத்தின் பிட்களைக் குறிக்கும் எண்) தருகிறது. 1987-இல் வந்த எக்ஸ்11 நெறிமுறையிலேயே இது உண்டு. நிரல் எழுதுகிறவர்கள் தயவுசெய்து அதைப் படித்துவிட்டு எழுதுங்கள். சில டிரைவர்களில் சிவப்பும் நீலமும் இடம் மாறியே வரும். ஊகித்து எழுதினால் அங்கேயும் அடிபடும்.

30 பிட்டுக்கு நினைவகம் கூடுதலாகப் பிடிக்குமா?

பிடிக்காது. டெப்த் 24-உம் ஒரு பிக்சலுக்கு 32 பிட்தான் எடுத்துக்கொள்கிறது. 3840×2160 திரைக்கு இரண்டிலும் சுமார் 33 எம்பி.

எல்லாம் மாற்றியும் இருட்டான படங்களில் பட்டை பட்டையாகத் தெரிகிறதே?

கோப்பு, நிரல், கம்போசிட்டர் (விண்டோக்களை ஒன்றுசேர்த்துத் திரைக்கு அனுப்பும் நிரல்), டிரைவர், கேபிள், பேனல் என்று வழியில் ஏதாவது ஒன்று 8 பிட்டாக இருந்தாலும் போதும், மற்ற எல்லாம் வீண். சாதாரண ஜேபெக் படமே 8 பிட்தான். அதை வைத்துச் சோதிக்காதீர்கள். 256-க்கு 20 என்ற அளவிலிருந்து 40 வரை போகும் சாம்பல் நிறச் சாய்வை 1920 பிக்சல் அகலத்தில் நிரலாலேயே வரையுங்கள். 8 பிட்டில் ஒவ்வொரு பட்டையும் 96 பிக்சல் அகலம், கண்ணுக்கு நன்றாகவே தெரியும். 10 பிட் கடைசிவரை போய்ச் சேர்ந்தால் அது 24 ஆகக் குறுகிவிடும்.

4கே, 60 ஹெர்ட்ஸில் 10 பிட் நிற்கவே மாட்டேன் என்கிறது. இணைப்பு எச்டிஎம்ஐ 2.0.

முழு ஆர்ஜிபியில் (சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் குறைக்காமல் அனுப்பும் முறை) அது நிற்காது. 8 பிட்டுக்கே கேபிளில் 594 மெகாஹெர்ட்ஸ் கடிகார வேகம் வேண்டும், 10 பிட்டுக்கு 742.5, எச்டிஎம்ஐ 2.0-இன் வரம்பு 600. டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் அதற்கு மாறிவிடுங்கள்.

ஒளி ஊடுருவும் விண்டோக்களையும் 10 பிட்டில் வரையலாமா?

32-இல் 30 போனால் ஆல்ஃபாவுக்கு (எவ்வளவு ஒளி ஊடுருவும் என்ற அளவு) மிஞ்சுவது 2 பிட், வெறும் 4 நிலைகள். விண்டோவின் நிழல் படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலேண்டில், ஒவ்வொரு நிறத்துக்கும் ஆல்ஃபாவுக்கும் 16 பிட் தரும் ஃப்ளோட் (தசம எண்) வடிவத்துக்குப் போங்கள். நினைவகம் இரட்டிப்பாகும்தான், ஆனால் நிழல் நிழலாகவே இருக்கும்.