1.3 டீசல் கார், 1,10,000 கி.மீ. ஓடியிருக்கு. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் கரகரன்னு சத்தம். டைமிங் செயின் தேய்ந்துவிட்டதா?

"ரெண்டு செகண்ட்ல சத்தம் தானா அடங்கிடுது, அப்ப பயப்பட வேண்டியதில்லைதானே?"ன்னு கேள்விக்குக் கீழ எழுதியிருக்கீங்க பாருங்க, அதைப் படிச்சதுக்கப்புறம் சும்மா போக முடியலைங்க. இதே சமாதானத்தை ஏழெட்டு மாசம் எனக்கு நானே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன் நான். கடைசியில 46,000 ரூபாய் எடுத்து வெச்சேன்.

முன்னாடியே சொல்லிடறேன், நான் மெக்கானிக் இல்ல. பள்ளிபாளையத்துல தறி ஓட்டிப் பொழைக்கறவன். "இவனுக்கு என்ன தெரியும்"னு கேக்கறவங்க தாராளமா கேக்கலாம். என் எஞ்சினைப் பிரிச்சப்ப மூணு நாள் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தேன், அந்த அளவுக்குத் தெரியும்.

உங்க வண்டி எதுன்னு சொல்லலை. 1.3 டீசல்னு போட்டிருக்கறதால ஃபியட்டோட அந்த 1248 சிசி எஞ்சினாத்தான் இருக்கணும். ஸ்விஃப்ட், டிசைர், ரிட்ஸ், விஸ்டா, மான்ஸா, புன்டோ எல்லாத்துலயும் உக்காந்திருந்தது அதுதான். நல்ல எஞ்சின். நான் அதைக் குத்தம் சொல்ல வரலை, குத்தம் என் மேலதான். செகண்ட் ஹேண்டா 92,000 கி.மீ.ல வாங்கினேன். 10,000-க்கு ஒரு தடவை மாத்த வேண்டிய ஆயிலை 16,000, 17,000 வரைக்கும் இழுத்தேன். சத்தம் வந்தப்ப "கெட்டி ஆயில் ஊத்து, அடங்கிடும்"னு டீக்கடையில ஒருத்தர் சொன்னார். 5W-30 ஊத்த வேண்டிய இடத்துல 20W-50 ஊத்தினேன். எரியற அடுப்புல எண்ணெய் ஊத்தின கதைதான்.

ஏன்னா டைமிங் செயின்தான் கிராங்கையும் (பிஸ்டன் சுத்த வைக்கற தண்டு) கேமையும் (வால்வைத் திறந்து மூடற தண்டு) சேர்த்துச் சுத்த வைக்குது. அந்த செயினை விறைப்பா வெச்சிருக்கற டென்ஷனர் ஆயில் பிரஷர்லதான் வேலை செய்யுது. ராத்திரி முழுக்க வண்டி நின்னா ஆயில் கீழ வடிஞ்சிடும். காலையில சாவி திருப்பினதும் பிரஷர் ஏறி டென்ஷனர் செயினை அழுத்திப் பிடிக்கற வரைக்கும், தொளதொளன்னு இருக்கற செயின் கைடுலயும் (செயின் உரசி ஓடற பிளாஸ்டிக் பட்டை) கவர்லயும் அடிக்கும். அதுதான் நீங்க கேக்கற கரகர. பிரஷர் ஏறினதும் அடங்கிடும். அதாவது அடங்கிடுதேன்னு நீங்க சந்தோஷப்படற விஷயமேதான் இந்த நோயோட அடையாளம். ஆயில் கெட்டியா இருந்தா டென்ஷனருக்குப் போய்ச் சேர இன்னும் லேட்டாகும். எனக்கு ரெண்டு செகண்ட் சத்தம் நாலு செகண்ட் ஆச்சு.

இதுல எனக்கு வெக்கமான விஷயம் ஒண்ணு இருக்கு. எங்க பட்டறையில எட்டுத் தறி. ராத்திரி அந்த இரைச்சல் நடுவுலதான் தூங்குவேன். ஒரு தறி நின்னா முழிச்சுக்குவேன். எந்தத் தறியில நாடா சரியாப் போகலைன்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்லுவேன். அப்படிப்பட்ட காதை வெச்சுக்கிட்டு இதைக் கோட்டை விட்டேன். பட்டறைச் சத்தம் காசு, கார்ச் சத்தம் செலவு, அதான் காதுல ஏறலை போல.

எனக்கு வந்த வரிசையைச் சொல்றேன், உங்களுக்கு எது வரைக்கும் வந்திருக்குன்னு பாருங்க. முதல்ல இந்தக் காலைச் சத்தம். எஞ்சின் சூடா இருந்தா வரவே வராது. அடுத்து, செல்ஃப் அடிச்சா டக்குனு பிடிக்கற வண்டி நாலஞ்சு சுத்து சுத்தினப்புறம் பிடிச்சது. பேட்டரின்னு நெனச்சு பேட்டரி மாத்தினேன், தண்டச் செலவு. சிக்னல்ல நிக்கறப்ப ஸ்டியரிங்ல ஒரு நடுக்கம். ஏற்காடு மலை ஏறினப்ப, மூணாவது கியர்ல போற இடத்துல ரெண்டாவது கேட்டுச்சு. அப்புறம் எஞ்சின் லைட். ஸ்கேனர் போட்டப்ப P0016-னு எரர் கோடு (code) வந்துச்சு. கிராங்கும் கேமும் ஒண்ணுக்கொண்ணு சேரலைன்னு அர்த்தம். கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து சுத்தணும், செயின் நீண்டா அந்தச் சுத்துக் கணக்கு மாறாது, ஆனா கேம் கிராங்குக்குக் கொஞ்சம் பின்தங்கிடும். நான் போன சர்வீஸ் சென்டர்ல (பேர் வேண்டாம்) சென்சாரை மாத்தி, கோடை அழிச்சு, கையில பில்லைக் கொடுத்து அனுப்பினாங்க. பதினோரு நாள் கழிச்சு லைட் மறுபடியும் வந்துச்சு. சென்சார் கெட்டாலும் இதே மாதிரி லைட் வரும்கறது உண்மைதான், மறுக்கலை. ஆனா சத்தமும் லைட்டும் சேர்ந்து வந்தா சென்சாரோட நிறுத்திக்காதீங்க.

2023 பங்குனியில என் பங்காளி பொண்ணு கல்யாணம், திருச்செங்கோட்டுல. விடியக்காலை முகூர்த்தம். நாலு மணிக்கு எல்லாரும் பட்டுச்சேலையோட வண்டியில ஏறியாச்சு. செல்ஃப் அடிக்கறேன், சுத்துது, பிடிக்கலை. எங்க வீதி மேடு, கியர் போட்டுத்தான் நிறுத்துவேன். மச்சான் இறங்கி, "நீங்க உக்காருங்க மாமா, தள்ளினா பிடிச்சுக்கும்"னு ரெண்டு பசங்களைச் சேத்துக்கிட்டு மேட்டுப் பக்கம் தள்ளினார். வண்டி ஏறலை. கியர்ல இருக்கறப்பவே ஒரு முழம் பின்னால உருண்டு ஒரு வெட்டு வெட்டுச்சு. மறுபடியும் சாவியைத் திருப்பினேன். உள்ள "டக் டக்"னு ரெண்டு தடவை. அதுக்கப்புறம் செல்ஃப் அடிச்சா எஞ்சின் லேசா, வேகமா சுத்துது. போர்ல தண்ணியில்லாம மோட்டார் வெறுமனே ஓடுமே, அந்தச் சத்தம். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள காத்து அழுந்தறது) போச்சுன்னு அப்ப எனக்குத் தெரியலை, ஆனா வயித்துக்குள்ள ஏதோ புரண்டுச்சு.

கல்யாணத்துக்கு வாடகை வண்டியில போனோம். அங்க பந்தியில உக்காந்துக்கிட்டு மச்சான் சொன்னது: "மாமாவுக்கு வண்டி மெயின்டெய்ன் பண்ணத் தெரியலை." தள்ளினது யாருங்க? இதை இன்னும் வீட்டுல பேச முடியலை, இங்கயாவது எழுதிக்கறேன். 46,000 சின்னக் காசு இல்ல. கூலி ஏத்தித் தரோம்னு பேசி முடிச்சுட்டு, பழைய கூலியையே கணக்குப் போட்டுக் குடுக்கற ஊர்ல தறி ஓட்டறேன். எட்டுத் தறி எத்தனை வாரம் ஓடினா அந்தக் காசு நிக்கும்னு காரே வெச்சிருக்காத ஒருத்தர் கமெண்ட்ல வந்து புத்தி சொல்லாம இருந்தாச் சரி.

பிரிச்சப்ப செயின் அறுந்திருக்கலை. கியர்ல பின்னால உருண்டப்ப எஞ்சின் தலைகீழாச் சுத்தி, தொளதொள செயின் பல்சக்கரத்துல பல்லு தாண்டியிருந்துச்சு, அவ்வளவுதான். அதனால வால்வு பிஸ்டன்ல இடிச்சு, ராக்கர் (கேம் அழுத்தி வால்வைத் தள்ளற நெம்பு) மூணு உடைஞ்சு, வால்வு ரெண்டு வளைஞ்சு கிடந்துச்சு. எஞ்சின் அடியில ஆயில் தேங்கற சம்ப்ல கைடோட பிளாஸ்டிக் சில்லு. மெக்கானிக் அண்ணன் பழைய செயினையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினார். நீள வித்தியாசம் ஒரு நகத்தளவுகூட இருக்காது. அப்புறம் ரெண்டையும் ஒரு முனையில பிடிச்சு, பக்கவாட்டுல படுக்க வெச்சு நீட்டினார். புதுசு ஓரளவு நேரா நின்னுச்சு. பழசு துவண்டு தொங்குச்சு. "இரும்பு இழுபட்டு நீளலை தம்பி, ஒவ்வொரு கண்ணியிலயும் பின் தேஞ்சிருக்கு. அத்தனையும் சேர்ந்து இவ்வளவு"ன்னார். டீசல் கரி கலந்த பழைய ஆயில்தான் அந்தப் பின்னை அரம் மாதிரி ராவினது.

"செயின்னா ஆயுசுக்கும் வருமே, பெல்ட்டைத்தானே மாத்தணும்?"னு கேப்பாங்க. பெல்ட்டுக்கு இத்தனை கிலோமீட்டர்னு கணக்கு உண்டு, செயினுக்கு அப்படி இல்லைங்கறது சரிதான். ஆயிலை நேரத்துக்கு மாத்தி ரெண்டு லட்சம் தாண்டி ஓட்டறவங்களும் இருக்காங்க. உங்க வண்டியோட ஆயில் ஜாதகம் உங்களுக்குத்தான் தெரியும்.

உங்க சத்தம் செயின்தானான்னு பாக்க ஒரு வழி சொல்றேன். டீசல் எஞ்சின் குளிர்ல கொஞ்சம் கடகடக்கும், ஆனா அது சூடாகச் சூடாக மெதுவாக் குறையும். செயின் சத்தம் தகர டப்பாக்குள்ள சைக்கிள் செயினைப் போட்டு உருட்டின மாதிரி வந்து, சட்டுனு நிக்கும். கிளட்ச் மிதிச்சா மாறுற சத்தம் வேற கேஸ். மதியம் சூடான வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினா எந்த மெக்கானிக்கும் "நல்லாத்தானே இருக்கு"ன்னுதான் சொல்லுவார், அவர் மேல தப்பில்ல. ராத்திரியே ஷெட்ல விட்டுட்டு வாங்க. காலையில பானட்டைத் திறந்து வெச்சு, டைமிங் கவர்ல நீள ஸ்க்ரூடிரைவரை ஊனி காதை வெச்சுக் கேக்கட்டும், வேற ஒருத்தர் சாவி திருப்பட்டும். டென்ஷனர் கழட்டற மாதிரி இருந்தா, அதோட கம்பி எவ்வளவு வெளிய வந்திருக்குன்னும் பாக்கச் சொல்லுங்க. முழுசா வெளிய தள்ளியிருந்தா அதுக்குமேல பேச்சே இல்ல. செயின், டென்ஷனர், கைடு, பல்சக்கரம் எல்லாம் சேர்த்து ஒரே செட்டா மாத்துங்க. செயினை மட்டும் மாத்தறேன்னு சொன்னா வேண்டாம். காலைச் சத்தம் மட்டும் இருந்த நிலைமையிலயே மாத்தியிருந்தா கூலியோட எனக்கு 15,000-க்குள்ள முடிஞ்சிருக்கும்னு அண்ணன் சொன்னார்.

அது வரைக்கும் ஹேண்ட்பிரேக் போட்டு, டயருக்குக் கல்லு வெச்சு, சமதரையில நிறுத்துங்க. கியர்ல விட்டு மேட்டுல நிறுத்த வேண்டாம். பிடிக்கலைன்னா டோ வண்டிக்குப் போன் பண்ணுங்க, தள்ள வர்றவங்களை, அது யாரா இருந்தாலும், கிட்ட விடாதீங்க.