மாமரத்து நிழலில் காய்க்கிற சிறு செடிகள் எவை வைக்கலாம்? ஸ்ட்ராபெரி வருமா?

ஸ்ட்ராபெரியை விட்டுவிடுங்கள், அது கொடைக்கானல் குளிருக்கு வருவது, நம் வெயிலுக்குத் தாங்காது. மற்றபடி என்ன செடி என்பதற்கு முன்னால், அதற்கு எந்த மாதம் தண்ணீர் விடுவீர்கள் என்று யோசியுங்கள். நான் ஒரு வருட மாங்காயையே இதில் விட்டவன்.

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் வீடு. பின்னால் ஆச்சி வைத்த நாட்டு மா. அடியில் இடம் சும்மா கிடக்கிறதே என்று ஒரு சாண் ஆழம் கொத்தி, கத்தரியும் தக்காளியும் நட்டேன். தக்காளி வெயிலைத் தேடி நெட்டையாக ஓடியதோடு சரி. கத்தரி கொஞ்சம் காய்த்தது, அது வாடக் கூடாது என்று கார்த்திகை மழை விட்ட பிறகும் மார்கழி முழுக்கக் காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். "ஏல, மா மூட்டுல இப்ப தண்ணி ஊத்தாத, காயட்டும்" என்று ஆச்சி சொல்லிக்கொண்டே இருந்தாள், நான் கேட்கவில்லை. தெருவில் மற்ற மாமரமெல்லாம் பூத்து நிற்க, எங்கள் மரம் செக்கச்செவேல் என்று தளிர் விட்டது. அந்த வருடம் மாவடு கடையில் வாங்கினோம். ஆச்சி அதைத் தொடவே இல்லை.

பூக்கும் முன் மாமரம் கொஞ்ச காலம் காய்ந்து ஓய வேண்டும், ஓயாமல் ஈரம் இருந்தால் இலைதான் வரும். உணவு எடுக்கிற மெல்லிய வேர்கள் மேல்மண்ணில்தான் இருக்கின்றன, அவற்றையும் நான் மண்வெட்டியால் அறுத்திருக்கிறேன்.

இப்போது தூரிலிருந்து நாலடி தள்ளி அன்னாசி. பக்கக்கன்று நட்டு, குழி மட்டும் தோண்டினேன், கொத்தவில்லை. வேர் மேலோடு போகும், தண்ணீர் அதிகம் கேட்காது, தேங்கினால்தான் அழுகும். பழத்துக்கு இரண்டு வருடம் ஆனது, நிழல் என்பதால் சிறிசுதான், ஆனால் நல்ல இனிப்பு. கத்தரியும் காந்தாரி மிளகாயும் தென்னை, வாழை அடிக்கு மாற்றிவிட்டேன், அங்கே எப்படியும் வருடம் முழுக்கத் தண்ணீர் பாய்கிறது. மணத்தக்காளி யாரும் வைக்காமலே வருகிறது.

தோட்டக்கலை படித்தவர்கள் வேறு கணக்கு சொல்லலாம், நான் சொல்வது ஒரு வீட்டில், ஒரு மரத்தில் பார்த்தது.

இன்னொன்று. அன்னாசிக்கு மாஞ்சருகைத்தான் மூடாக்காகப் போடுகிறேன். பாம்பு அடையும் என்று பக்கத்து வீட்டில் சண்டை. அந்தப் பயம் எனக்குப் புரியாமல் இல்லை, அதற்காகவே சுவரோரம் மூன்றடி சுத்தமாகக் கூட்டி வைக்கிறேன். அப்படியும் போன மாசியில் நாங்கள் ஊரில் இல்லாத நாளில் உள்ளே வந்து சருகைக் கொளுத்திவிட்டார்கள். காய் பிடித்திருந்த மூன்று அன்னாசி கருகிப்போனது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே அள்ளியிருப்பேன்.